அப்பாவின் முதுகில் ஒட்டியிருந்தது

கனகராஜ் வெந்நீரைக் கோப்பையில் ஊற்றாமல் சீனி டப்பாவுக்குள் ஊற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் செல்வராணி ஓடி வந்தாள்.

"பா! என்ன பண்றீங்க?"

அப்பா திரும்பிப் பார்த்தார். கண் பாதி மூடியிருந்தது. "கோப்பி," என்றார். பிறகு வெந்நீர்க் கெத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றபடி தூங்கிப் போனார்.

அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. புஷ்பவள்ளி ஒருநாள் கருவாட்டைக் கொண்டுபோய்த் துணி அலமாரியில் சேலைகளுக்கு நடுவே மடித்து வைத்தாள். வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கிய கொஞ்ச நாளில் மகளை 'மிஸ்ஸி' என்று கூப்பிட ஆரம்பித்தாள், ஏதோ தோட்டத்து ஆஸ்பத்திரி தாதியைக் கூப்பிடுவதுபோல. அப்புறம் புருஷனைப் பார்த்து "நீ யாருய்யா?" என்றாள். அதோடு சிரிப்பு நின்றது.

இப்போது அப்பாவும் அதே வழியில் போகிறாரா? செல்வராணி சிங்கப்பூரில் வேலை செய்பவள். பொழுது விடிவதற்கு முன்பே ஜொகூர் தம்போயிலிருந்து பஸ் ஏறி எல்லைப் பாலத்தைக் கடந்து போனால், வீடு திரும்ப இருட்டிவிடும். கல்யாண வாழ்க்கை நிலைக்காமல் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவளுக்கு வேறு துணை கிடையாது. பகல் முழுக்க அம்மாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, ஈரத்துணி மாற்றிப் பார்த்துக்கொள்வது அப்பாதான். அந்த அப்பாவும் போய்விட்டால் அவள் வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரையும் கொண்டுபோய் ஏதாவது ஒரு முதியோர் இல்லத்தில் போட வேண்டும். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அம்மாவின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மறதியோடு மட்டும் அவள் நின்றிருந்தால் வீடு சமாளித்திருக்கும். நான்கைந்து மாதத்துக்கு முன்னால் திடீரென்று கத்த ஆரம்பித்தாள். தூக்கி உட்கார வைத்தால் கத்தல், படுக்க வைத்தால் கத்தல். குளிப்பாட்டப் போன அப்பாவின் கையைக் கடித்துவிட்டாள். முதலில் பார்த்த டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மறதி நோய் முற்றினால் மூர்க்கம் வரும் என்று சொல்லி, அமைதியாக இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் போதும், அப்புறம் வருகிற எல்லாவற்றையும் அதன் தலையிலேயே கட்டிவிடலாம். டாக்டருக்கும் வசதி, வீட்டாருக்கும் வசதி. மாத்திரையைப் போட்டால் அம்மா எச்சில் வழியத் தூங்கினாள், விழித்தால் விட்ட இடத்திலிருந்து கத்தினாள்.

டாக்டர் லோஷினிதான் கண்டுபிடித்தாள். தம்போயில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கும் சின்ன வயது டாக்டர். அம்மாவிடம் "எங்க வலிக்குது ஆன்ட்டி?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. டாக்டர் கேள்வியை விட்டுவிட்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டே முதுகுத்தண்டில் ஒவ்வொரு எலும்பாக விரலை வைத்து அழுத்தினாள். ஓர் இடத்தில் அம்மாவின் முகம் சுருங்கிக் கண்ணில் நீர் முட்டியது. எக்ஸ்ரே எடுத்தால், முதுகெலும்பில் ஒன்று நொறுங்கி உட்கார்ந்திருந்தது.

"மூர்க்கம் இல்ல கா. வலி," என்றாள் டாக்டர். "ஆன்ட்டிக்குச் சொல்லத் தெரியல. கத்தத்தான் தெரியுது."

செல்வராணி கிளினிக்கிலேயே அழுதுவிட்டாள். எத்தனை நாள் அந்த நொறுங்கிய எலும்பைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்கள்!

வலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அம்மா அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஆள் போனதும் தலையணைக்குக் கீழே துப்பினாள். சோற்றில் பொடித்துப் போட்டால் சோற்றையே துப்பினாள். கடைசியில் டாக்டர் தோலில் ஒட்டுகிற மருந்தை எழுதினாள்.

"வாரத்துக்கு ஒன்னு கா. ஞாயித்துக்கெழம ஒட்டுங்க, அடுத்த ஞாயிறு பழச கழட்டிட்டு வேற எடத்துல புதுசு ஒட்டுங்க. கை மேல்பக்கம், நெஞ்சு, முதுகு, எங்க வேணும்னாலும் ஒட்டலாம்."

"கோயோக் மாதிரியா டாக்டர்?"

"ஒட்டுறது அப்படித்தான். ஆனா உள்ள இருக்கிறது ரொம்ப ஸ்ட்ராங் மருந்து, அத மறந்துறாதீங்க."

செல்வராணி முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. சீன மருந்துக் கடையில் வாங்குகிற அந்த வலிப் பிளாஸ்திரி இல்லாத வீடு ஜொகூரில் உண்டா? மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பேதமில்லாமல் எல்லார் முதுகிலும் கோயோக் ஏறியிருக்கிறது. லோரி ஓட்டிய கனகராஜின் முதுகில் அது இல்லாத நாளே கிடையாது. சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும் புஷ்பவள்ளி சட்டையைத் தூக்கி ஒன்று ஒட்டிவிட்டுத்தான் சோற்றுப் பானையைத் திறப்பாள். அந்தக் கோயோக் இரண்டு நாளில் காய்ந்து எங்கேயாவது விழும். விழுந்தால் யாரும் தேட மாட்டார்கள், வேறொன்று ஒட்டுவார்கள்.

ஆகவே ஞாயிறு தோறும் அம்மாவின் கையில் பழைய ஒட்டு மருந்து இல்லாததைக் கண்டு செல்வராணி பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

"குளிப்பாட்டுறப்ப விழுந்துருச்சா பா?"

"ஆமா," என்பார் அப்பா, டிவியைப் பார்த்தபடி.

அவளும் புதியதை ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அம்மாவின் கத்தல் மட்டும் குறைந்தபாடில்லை. டாக்டர் கேட்டாள், "ஒழுங்கா மாத்துறீங்களா கா?" மாற்றுகிறேன் என்றாள் செல்வராணி. பொய் இல்லையே, மாற்றத்தானே செய்கிறாள். டாக்டர் மருந்தின் பவரைக் கூட்டினாள். அப்புறமும் கத்தல். மறுபடியும் கூட்டினாள்.

அம்மாவுக்கு மருந்து கூடக் கூட அப்பாவுக்குத்தான் தள்ளாட்டம் கூடியது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கை வைத்தபடி தூங்கினார். பேச்சு குழறியது. வாந்தி எடுத்தார். சீனி டப்பாவில் வெந்நீர் ஊற்றினார். சனிக்கிழமை அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் நாள். அப்பாவையும் காட்டிவிடுவது என்று செல்வராணி முடிவு செய்தாள்.

போகும் வழியெல்லாம் காரில் அவர் தலை தொங்கிக்கொண்டே வந்தது. பின்சீட்டில் அம்மா முனகிக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் எண் வாங்கி உட்கார்ந்தார்கள். அப்பா பெஞ்சில் சாய்ந்தார், கண்ணை மூடினார். அவர்கள் எண்ணைக் கூப்பிட்டபோது செல்வராணி தோளைத் தொட்டாள். அசைவில்லை.

"பா."

உலுக்கினாள். தலை மார்பில் விழுந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"அப்பா! டாக்டர்! டாக்டர் வாங்களேன்!"

லோஷினி ஓடி வந்தாள். இரண்டு பேராகத் தூக்கி உள்ளே கட்டிலில் கிடத்தினார்கள். டாக்டர் இமையைப் பிரித்து விளக்கடித்தாள். கண்ணின் கருமணி கடுகளவு சுருங்கிக் கிடந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஒன்று வந்த பிறகு அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

"அங்கிள் என்ன மருந்து சாப்பிடுறாரு?"

"பிரஷர் மாத்திர மட்டும்தான் டாக்டர். சிகரெட்டுனால நெஞ்சுல சளி, அதுக்கு ஒன்னு உறிஞ்சுவாரு. வேற ஒன்னும் இல்ல."

"வேற ஒன்னும் இல்லயா? தூக்க மாத்திர? ஆன்ட்டியோட மருந்து எதையாச்சும்?"

"இல்ல டாக்டர், சத்தியமா இல்ல!"

டாக்டர் ஆக்சிஜனைப் பொருத்தச் சொல்லிவிட்டு, மூச்சைக் கேட்பதற்காக அவரைப் பக்கவாட்டில் புரட்டிச் சட்டையையும் பனியனையும் மேலே தூக்கினாள். ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டுபோன கை பாதியில் நின்றுவிட்டது.

முதுகில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று ஒட்டு மருந்துகள். தோல் நிறத்தில், சதுரமாக. அடியில் இருந்தது ஓரம் கருத்துச் சுருண்டிருந்தது. மேலே இருந்தது புத்தம் புதியது. அதில் செல்வராணி தன் கையாலேயே எழுதிய தேதி இருந்தது, போன ஞாயிற்றுக்கிழமை.

தான் அம்மாவின் கையில் ஒட்டியது அப்பாவின் முதுகுக்கு எப்படி வந்தது? திருடினாரா? வலி தாங்காமல் எடுத்து ஒட்டிக்கொண்டாரா? ஆனால் சொந்த முதுகில், அந்த இடத்தில், யாரால் தானே ஒட்டிக்கொள்ள முடியும்?

"இது எல்லாம் ஆன்ட்டியோடதா?" என்று கேட்டாள் டாக்டர். பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே இருந்ததைப் பிய்த்தாள். இரண்டாவதின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள்.

அப்போதுதான் அது நடந்தது. இத்தனை நேரம் வாசலில் சக்கர நாற்காலியில் முனகிக்கொண்டிருந்த அம்மா, நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து வந்தாள். நொறுங்கிய முதுகோடு, ஒவ்வோர் அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். வந்து டாக்டரின் கையைத் தட்டிவிட்டாள்.

"கழட்டாதீங்க," என்றாள். மாதக் கணக்கில் செல்வராணி கேட்காத தெளிவான குரல். "லோரிலேருந்து இப்பத்தான் வந்துருக்காரு. அவருக்கு முதுகு வலி."

கிளம்பியிருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் வைத்து அழுத்தினாள். நன்றாகப் பிடிக்கட்டும் என்று உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள். பிறகு அவர் தலையைத் தடவி, "ஏங்க, சோறு போடட்டா?" என்று கேட்டாள்.

செல்வராணி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அம்மாவை மெல்ல இழுத்துக்கொண்டு போனாள். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள், மூச்சுக்குக் கருவி வைத்தார்கள். ஒட்டியது எல்லாவற்றையும் பிய்த்துவிட்டாலும் தோலுக்குள் போனது அவ்வளவு சீக்கிரம் இறங்காதாம். நெஞ்சுச் சளிக்காரருக்கு இந்த மருந்து மூச்சையே நிறுத்தியிருக்கும், இன்னொரு ஞாயிறு தாண்டியிருக்க மாட்டார் என்றார்கள்.

லோஷினி சாயங்காலம் நேரிலேயே வந்தாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் செல்வராணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மறதி உள்ளவங்களுக்கு இத கை எட்டாத எடத்துலதான் ஒட்டணும் கா. முதுகுல, நடுவுல. எனக்குத் தெரியும். எங்க வேணும்னாலும் ஒட்டலாம்னு நான்தான் சொன்னேன். கத்தல் நிக்கலன்னதும் மருந்த கூட்டினேனே தவிர, ஒட்டினது ஒடம்புல இருக்கான்னு ஒரு தடவகூட கைய தூக்கிப் பாக்கல. தப்பு என்னோடது."

"விழுந்து போச்சுன்னு நான் உங்ககிட்ட சொல்லலயே டாக்டர்."

"நான் கேட்டிருக்கணும்."

"ஆனா ஏன் டாக்டர்? அவங்களுக்குத்தானே அவ்ளோ வலி? அத பிச்சு ஏன் அப்பாவுக்கு ஒட்டணும்?"

"எனக்குத் தோணுறத சொல்றேன். வலி இருக்குன்னு ஆன்ட்டிக்குத் தெரியுது. யாருக்கு வலிக்குதுன்னு தெரியல. அவங்களுக்கு வலின்னா, அது உங்க அப்பாவோட முதுகு."

இரண்டு நாள் கழித்து அப்பா தெளிவாகப் பேசினார். செல்வராணியின் பெயர், வீட்டு எண், கார் எண் எல்லாம் கேட்காமலே சொன்னார். மறதியும் இல்லை ஒன்றும் இல்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நடந்ததை எல்லாம் மெதுவாக எடுத்துச் சொன்னாள், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"நீங்க தூங்குறப்ப அம்மா ஒட்டியிருக்காங்க பா. உங்களுக்கே தெரியாம."

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தெரியும்மா," என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ ஞாயித்துக்கெழம ஒட்டிட்டுப் போவ. சாயங்காலம் அவ அத பிச்சு கையில வச்சிக்கிட்டு எங்கிட்ட வருவா. 'ஏங்க, சட்டைய தூக்குங்க'ம்பா. மத்த நாளெல்லாம் நீ யாருய்யா, என் வீட்டுல ஒனக்கென்ன வேலன்னு கேக்குறவ..." அவர் நிறுத்தினார். "ஏங்கன்னு கூப்பிட்டா, செல்வி. ஒட்டிட்டு முதுக தடவி விடுவா. அப்புறம் ஒரு அஞ்சு பத்து நிமிஷம், நான் யாருன்னு அவளுக்குத் தெரியும்."

செல்வராணி கட்டிலைச் சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேராக நின்றாள். "அது அம்மாவோட வலி மருந்துன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"விழுந்துருச்சுன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன்."

"அம்மா கத்தினாங்களே பா! ராவெல்லாம் கத்தினாங்களே! நீங்க பக்கத்துலதானே படுத்திருந்தீங்க? அந்த எலும்பு நொறுங்கிக் கெடக்கு பா! எப்படிப் பா கேட்டுக்கிட்டுக் கெடந்தீங்க?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. அம்மா கடித்தாலும் கிள்ளினாலும் ஒரு சொல் திட்டாதவர், பீ மூத்திரம் அள்ளியவர். அந்தத் தாமான் குடியிருப்பே அவரைப் பார்த்து, புருஷன் என்றால் இவரல்லவா என்று சொல்கிறது. அவரா இதைச் செய்தார்?

"மொத தடவ கோயோக்தானேன்னு நெனச்சேன்," என்றார் அப்பா. "ரெண்டாவது தடவ பிச்சுப் போட்ருவோம்னுதான் இருந்தேன். மறு வாரம் வந்து ஏங்கன்னா. என்னால முடியல."

அவர் அழுதார். செல்வராணி அவர் கண்ணைத் துடைக்கவில்லை. வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. புருஷனைப் பெயர் தெரியாத ஆளாக ஆக்கிவிட்ட நோயின் மேலா, அதனிடம் ஒரு 'ஏங்க' வாங்குவதற்காக மனைவியின் மருந்தைக் கொடுத்தவர் மேலா?

அவள் விடுப்பு எடுத்தாள். லோஷினி அம்மாவுக்கு மருந்தை ஆகக் குறைந்த பவரிலிருந்து மறுபடி தொடங்கினாள். இவ்வளவு நாள் உடம்பில் சேராத மருந்து, எடுத்த எடுப்பில் கூடினதை ஒட்டக்கூடாது என்றாள். இந்த முறை அவளே அம்மாவின் முதுகில், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே ஒட்டினாள். அம்மா கையை முன்னால் விட்டும் பின்னால் விட்டும் துழாவினாள். எட்டவில்லை.

மூன்றாம் நாள் அம்மா இரவு முழுக்கத் தூங்கினாள். வீட்டில் அந்த அமைதி செல்வராணிக்குப் பயமாக இருந்தது. மூச்சு வருகிறதா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்த்தாள். சீராக வந்தது. அடுத்த வாரம் அம்மா தானாக உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டாள். தூக்கினால் கத்தவில்லை. குளிப்பாட்டும்போது ஏதோ பாட்டை முனகினாள். இத்தனை நாளும் இந்த அம்மாவா அந்தக் கத்தலுக்குள் கிடந்தாள் என்று செல்வராணிக்கு அடித்துக்கொண்டு அழத் தோன்றியது.

அப்பா வீட்டுக்கு வந்தார். மகள் அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. அம்மாவுக்குச் சோறூட்டினார், முதுகில் மருந்து இருக்கிறதா என்று காலையும் மாலையும் தொட்டுப் பார்த்து மகளிடம் "இருக்கு" என்று சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. செல்வராணி பழையதை உரித்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் புதியதை ஒட்டினாள். சாயங்காலம் அம்மா சோபாவில் சாய்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அப்பா வந்து அவள் காலடியில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். செல்வராணி கவனிக்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, சட்டையின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினார்.

அம்மா அந்த முதுகைப் பார்த்தாள். மருந்து தேடிக் கை போகவில்லை.

"மிஸ்ஸி," என்று சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டாள், "இந்த ஐயா யாரு? ஏன் இப்படி சட்டைய தூக்கிக்கிட்டு உக்காந்துருக்காரு?"

செல்வராணி கையிலிருந்த கரண்டியோடு வாசலில் நின்றாள். இவ்வளவு நாள் கோபம் அடைத்திருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து அடைத்தது. அம்மாவுக்கு இப்போது வலி இல்லை. அந்த வலி ஒன்றுதான் வாரத்துக்கு ஒருமுறை அவளை இந்த முதுகு வரை கூட்டிவந்திருக்கிறது.

அப்பா சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்.

"பக்கத்து வீடும்மா," என்றார். "ஒங்களுக்கு ஒடம்புக்கு எப்படி இருக்கு? எங்கயாச்சும் வலிக்குதா?"

"எனக்கென்ன? ஒரு வலியும் இல்ல." அம்மா மரியாதையாகச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என் வீட்டுக்காரருக்குத்தான் முதுகு வலி. லோரி ஓட்டுறாரு. வர்ற நேரந்தான்."

"வரட்டும்மா," என்றார் அப்பா. "அது வரைக்கும் நான் இங்க இருக்கேன்."